ஒன்பதாம் வகுப்புக்கு அரக்கர்கள்

"இராவணனின் பண்புநலன்களை விளக்குக" என்று கேட்டால் வருகிற விடை எல்லா வருடமும் ஒரே அச்சுதான். ஆணவம், காமம், பேராசை என்று மூன்று துணைத்தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. கடைசியில் "எனவே தீமை அழியும் என்பதை அறியலாம்". அந்த விடையில் ராவணன் என்ற பெயரை அடித்துவிட்டு துரியோதனன் என்று எழுதிப் பாருங்கள், ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்காது. ஆங்கிலத் தாளிலும் இதே கதை. பத்தாம் வகுப்பில் எச்.ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் கிரிஃபின் வருகிறானே, அவனைப் பற்றி "அறிவாளி, ஆனால் ஒழுங்கற்றவன்" என்ற கைடு வாக்கியம் நாற்பது விடைத்தாளிலும் எழுத்து மாறாமல் இருக்கும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பெயரடைகளைப் பட்டியல் போடச் சொல்லிக் கொடுத்தால் பட்டியல்தான் வரும்.

பட்டியலை விட்டுவிட்டு, நூலை வைத்தே வில்லன்களை நடத்துகிற ஒரு பாடத்தை இங்கே சொல்கிறேன். டெல்லியில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் ஒரு வசதி உண்டு. வீட்டில் பாட்டி சொன்ன ராவணன், காலனி ராம்லீலாவில் துளசிதாசரின் வழியே வருகிற ராவணன், தமிழ் வகுப்பில் கம்பனின் ராவணன் என்று மூன்று பேரை அவன் பார்த்திருக்கிறான். மதுரையிலோ கோவையிலோ படிக்கிற பிள்ளைக்கு இது எளிதில் வாய்க்காது. 1923-இல் தொடங்கி இன்று ஏழு பள்ளிகள் நடத்தும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்து வகுப்பறையானாலும் சரி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அம்மா நடத்துகிற வகுப்பானாலும் சரி, இந்த மூன்று ராவணன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

முதலில் அளவு. வாரம் இரண்டு பீரியட், எட்டு வாரம், மொத்தம் 16. இதற்குள் ஏழெட்டு வில்லன்களைத் திணித்தால் ஒருவரும் மனதில் தங்க மாட்டார்கள். மூன்று போதும். கம்பனின் ஆரணிய காண்டத்தில் சீதையைக் கவர்கிற இடம், யுத்த காண்டத்தில் கும்பகர்ணன், சிலப்பதிகாரம் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் அரண்மனைக்குப் போவதிலிருந்து கடைசி வரை. கும்பகர்ணன் வதைப் படலம் முந்நூறு பாட்டுக்கு மேல் நீளம். அதில் 15 பாட்டு எடுத்தால் தாராளம்.

பாட்டைத் தாளில் அச்சடிக்கும்போது இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் சொல் பிரித்தது, அவ்வளவுதான். பொழிப்புரையை அதே தாளில் போடாதீர்கள். போட்டால் கண் நேராக அங்கே போய்விடும், பாட்டை யாரும் படிக்க மாட்டார்கள். உரையை அடுத்த பீரியடில் தனியாகக் கொடுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் மூலம் கிடைக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உரையோடு கிடைக்கும், அச்சுப் புத்தகமாகத்தான் வேண்டும் என்றால் ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ஒரு பாட்டுக்குக் குறைந்தது 12 நிமிடம் ஆகும். ஆசிரியர் ஒரு முறை, வகுப்பே சேர்ந்து ஒரு முறை, ஒரு பிள்ளை தனியாக ஒரு முறை. பிறகுதான் அருஞ்சொல். ஒரு பீரியடுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் ஓடினால் மூன்றாவது பாட்டு வெறும் சத்தமாகப் போகும்.

தமிழ் எழுத்து வேகமாக ஓடாத பிள்ளைகள் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். முதல் வாரம் கண்டுகொள்ளாமல் விடலாம், அதற்கு மேல் கூடாது. இந்தி எழுத்தில் எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடு வழக்கத்தில் இல்லை. றகரமும் ழகரமும் இல்லை. கம்பனின் ஓசை முழுக்கக் குறில் நெடிலில் நிற்பதால், அப்படி எழுதிப் படித்தால் சூர்ப்பணகை நடந்து வருகிற பாட்டு தொலைபேசி எண்ணைச் சொல்வது போலக் கேட்கும்.

அடுத்தது மூன்று கட்டம் போட்ட தாள். முதல் கட்டத்தில் பாத்திரம் செய்தது. இரண்டாவதில் பாத்திரம் தன் வாயால் சொன்னது. மூன்றாவதில் அவரைப் பற்றிப் பிறர் சொன்னது, யார் சொன்னது என்ற பெயரோடு. கவிஞரே சொன்னால் "கவி" என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பாட்டு எண் கட்டாயம். எல்லாருக்கும் வழக்கமாக நேர்கிற பிழை, மூன்றாம் கட்டத்துச் சரக்கை முதல் கட்டத்தில் போடுவது. "கொடியவன்" என்று அனுமன் சொன்னால் அது அனுமனின் பேச்சு. ராவணன் செய்த செயல் ஆகாது. இந்தப் பிழையை முதல் இரண்டு வாரத்தில் திருத்தவில்லையானால் கடைசி வரை நிற்கும்.

இந்தத் தாளின் பயன் உடனே தெரிகிற இடம் சீதையைக் கவர்வது. இன்ஸ்டாகிராமிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிற வாசகம் ஒன்று உண்டு: "ராவணன் சீதையைத் தொடவே இல்லை, அவன்தான் உண்மையான ஜென்டில்மேன்." வகுப்பில் இதை யாராவது ஒரு பையன் சொல்லாமல் இருக்க மாட்டான். மறுக்க வேண்டாம். மூன்று நூலையும் எடுங்கள். வால்மீகியில் ராவணன் இடக்கையால் கூந்தலைப் பற்றி, வலக்கையைத் தொடையில் கொடுத்துத் தூக்குகிறான். துளசியில் அவன் கொண்டு போவது நிழற்சீதையை. உண்மைச் சீதை அதற்கு முன்பே அக்கினியில் ஒளிந்துவிட்டாள். கம்பனில்தான் தொடாமல், அவள் இருந்த நிலத்தையே பெயர்த்து எடுக்கிறான். பையன் சொன்னது கம்பன் அளவில் சரி. இப்போது அந்தப் பாட்டையே படிக்கச் சொல்லுங்கள்:

"ஆண்டு ஆயிடை தீயவன் ஆயிழையைத்
தீண்டான் அயன் மேல் உரை சிந்தை செயா"

தீண்டவில்லை. ஏன்? பிரமன் முன்பு சொன்ன சாபச் சொல்லை நினைத்துத் தீண்டவில்லை. காரணம் அதே அடியில் உட்கார்ந்திருக்கிறது. "தீயவன்" என்ற சொல்லும் அதே இடத்தில் இருக்கிறது. பயத்தால் தொடாதவனைப் பண்பால் தொடாதவன் ஆக்குவதற்கு அரை அடியை மறைத்தால் போதும், வாட்ஸ்அப் அதைத்தான் செய்திருக்கிறது. இந்த ஒரு பாட்டுக்கு முழு பீரியடும் கொடுக்கலாம். இதற்குப் பிறகு பிள்ளைகள் எந்த வாசகத்தைக் கண்டாலும் "அது எந்தப் பாட்டுல வருது?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

மறுபக்கத்துச் சறுக்கலும் உண்டு. ராவணனுக்கு இசை தெரியும், கயிலையைத் தூக்கினான் என்று சொல்லச் சொல்ல, வகுப்பு மொத்தமும் அவன் கட்சிக்குப் போய்விடும். அப்போது ராமனையோ வசிட்டரையோ சாட்சிக்கு அழைக்க வேண்டாம், எதிர்க்கட்சி என்று தள்ளிவிடுவார்கள். ராவணனின் சபையிலேயே அவன் தம்பி எழுந்து சொல்வதைக் கொடுங்கள்: "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்." பிறன் மனைவியைச் சிறை வைத்துவிட்டுக் குற்றமற்ற புகழுக்கு ஆசைப்படுகிறோமாம். கிண்டல் இவ்வளவு கூர்மையாக வருவது கும்பகர்ணன் வாயிலிருந்து. தூங்குமூஞ்சி என்று நாம் எல்லாரும் எழுதி வைத்திருக்கிறவன்.

இந்தப் பாடத்தின் நடு முதுகெலும்பு கும்பகர்ணன்தான் என்பது என் கணிப்பு. அவனை நடத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. கம்பன் அவனைச் சிரிப்பாகத் தொடங்குகிறான். எழுப்பப் படாத பாடு படுகிறார்கள். "உறங்குகின்ற கும்பகன்ன! உங்கள் மாய வாழ்வு எலாம் இறங்குகின்றது இன்று காண், எழுந்திராய் எழுந்திராய்" என்ற பாட்டை வகுப்பு சேர்ந்து கத்தினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. எழுந்தவன் 600 வண்டிச் சோறும் நூறு நூறு குடம் கள்ளும் உள்ளே தள்ளுகிறான். அது பசியைக் கிளப்பிவிட்டதாம். பிள்ளைகள் நன்றாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் அதே வாய் அண்ணனைப் பார்த்துக் கேட்கிறது:

"ஆனதோ வெஞ்சமம்? அலகு இல் கற்புடைச்
சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?"

போர் வந்துவிட்டதா, சீதையின் துயரம் இன்னும் தீரவில்லையா என்று கேட்கிறான். இவ்வளவு நாள் தூங்கியவன் எழுந்ததும் விசாரிப்பது அவளைத்தான். சோற்றுப் பாட்டும் இந்தக் கேள்வியும் ஒரே பீரியடுக்குள் வர வேண்டும். நடுவில் மணி அடித்து, மீதி வியாழக்கிழமை என்று போனால் சிரிப்பும் போச்சு, திடுக்கிடலும் போச்சு. அதனால் அன்றைக்கு மட்டும் வருகைப்பதிவை முந்தின பீரியடிலேயே எடுத்துவிடச் சொல்லி, இரண்டு பாட்டு விதியைத் தளர்த்தி, நேராகப் பாட்டில் இறங்குங்கள்.

பிறகு விபீடணன் வந்து ராமனிடம் வந்துவிடு என்று அழைக்கும் இடம். "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்று தொடங்குகிற பதிலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை, தமிழில் ஒரு பாத்திரம் தன் முடிவுக்குச் சொன்ன மிகச் சுருக்கமான காரணங்களில் இது ஒன்று. நெடுநாள் வளர்த்து, இன்று போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன். அண்ணன் செய்தது தப்பு என்று தெரியும், அண்ணனுக்காகச் சாவேன் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே ஆள் சொல்வதைப் பார்த்ததும் பிள்ளைகளின் பெயரடைப் பட்டியல் உடைந்துபோகும். "நல்லவனா கெட்டவனா" என்று கேட்பார்கள். கரும்பலகையில் விடை எழுதாதீர்கள்.

கும்பகர்ணனின் கடைசி வேண்டுகோள் தனி. சுக்கிரீவன் அவன் மூக்கையும் காதையும் கடித்துப் பறித்துப் போய்விட்டான். விழும் நேரத்தில் ராமனிடம் கேட்கிறான்: மூக்கு இல்லாத முகம் என்று முனிவரும் தேவரும் பார்க்காதபடி என் கழுத்தை அறுத்துத் தலையைக் கடலில் போட்டுவிடு. மலைபோன்ற உடம்புக்காரன் தன் முகத்தைப் பற்றி வெட்கப்படுகிறான். இதே குடும்பத்தில் மூக்கு அறுபட்ட இன்னொருத்தி சூர்ப்பணகை என்று ஏதாவது ஒரு பிள்ளை தானாகச் சொல்லும். சொல்லும் வரை காத்திருங்கள்.

செப்டம்பர் வாக்கில் டாகோர் கார்டன் பக்கம் தித்தார்பூருக்கு ஒரு நடை கூட்டிப்போக முடிந்தால் நல்லது. தசராவில் டெல்லி முழுக்க எரியப் போகிற ராவணன் பொம்மைகள் அங்கேதான் பெரும்பாலும் உருவாகிறார்கள். மூங்கில் கூடு, மேலே காகிதம், தலைகள் தனியாக நடைபாதையில் வரிசையாகக் காயும். பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ராவணன், கும்பகர்ணன், மேகநாதன் (நம் இந்திரசித்து) மூன்று பேரின் முகத்தையும் பார்த்து என்ன வேறுபாடு என்று குறித்து வர வேண்டும். தலை எண்ணிக்கை தவிர அநேகமாக ஒன்றும் இருக்காது. அதே முறுக்கு மீசை, அதே முழித்த கண். கும்பகர்ணனுக்கு மூக்கு முழுசாக இருக்கும். நூலில் மூன்று வேறு ஆட்களாக இருப்பவர்கள் மைதானத்தில் ஒரே முகமாக ஆவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடக்கருவி கிடையாது. கைவினைஞர்களைக் குறை சொல்வது போல ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு அடிக்கு அப்பால் கூட்டத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டிய முகம் அது.

சிலப்பதிகாரத்துக்கு வேறு வழி. இங்கே கோரைப்பல் இல்லை, பத்துத் தலை இல்லை. பெயர்கூட இல்லை, பொற்கொல்லன் என்ற தொழில் மட்டும்தான். கொலைக்காட்சியைக் காவல் விசாரணை போல நடத்துங்கள்: இந்தக் கொலையை எத்தனை பேர் எந்தெந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்? ராணியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில், விசாரிக்காமலே "கொன்று அச் சிலம்பு கொணர்க" என்ற அரசன் ஒருவன். கோவலனைப் பார்த்து இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று சொல்லியும் அதோடு நின்றுவிட்ட காவலர். வாளை வீசிய அந்தக் குடிகாரன், காவியம் அவனைக் "கல்லாக் களிமகன்" என்கிறது. இவர்களுக்கு நடுவில் பொற்கொல்லன் பேசுகிற பேச்சைக் கவனிக்க வேண்டும். கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணை உண்டு என்று நூல் ஒப்பிப்பது போல அடுக்குகிறான். காவலர் தயங்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு புள்ளிவிவரம் கிடைக்கிறது. இன்றைக்கு டிஜிட்டல் அரெஸ்ட் என்று போன் செய்து சட்டப்பிரிவு எண்களை அடுக்கிப் பணம் பறிக்கிறார்களே, அந்தக் குரல்தான். பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கதை அத்தோடு முடிந்தால் சௌகரியம், முடியவில்லை. ஒருவன் செய்த திருட்டுக்காக, அடுத்து வந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான் என்று அதே காவியம் பின்னால் சொல்கிறது. பாடப்புத்தகச் சுருக்கங்களில் இந்த வரி அநேகமாக வராது. வகுப்பில் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்பேன். பெயரில்லாத வில்லனைத் தொழிலால் மட்டும் அடையாளம் காட்டினால் பழி எங்கே போய்ச் சேரும் என்பதைக் காவியமே காட்டிவிடுகிறது. நகைத்தொழில் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால், இந்தப் பகுதியை நடத்தாமல் பொற்கொல்லனை மட்டும் நடத்திவிட்டுப் போவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரக்கர் என்றால் கறுப்பு என்று படம் வரைந்து வருவார்கள். டெல்லியில் கறுப்பாக இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு அது பள்ளிப் பேருந்துவரை தொடரும். தாடகை மேல் அம்பு பாய்கிற பாட்டைக் கொடுங்கள். அவள் "அல் ஒக்கும் நிறத்தினாள்", இரவு நிறம். எய்த ராமன் "கரிய செம்மல்". ஒரே பாட்டில் இரண்டு பேரும் கறுப்பு. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆங்கிலப் பாடத்துக்கு இதே தாள் அப்படியே பொருந்தும். கிரிஃபின் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன கோபத்தில் வீட்டுக்குத் தீ வைத்தவன், ஆடை வேண்டிக் கடைக்காரரைப் பின்னாலிருந்து அடித்தவன். இவை முதல் கட்டத்துக்குப் போகும், "அறிவாளி" என்பதற்கு அங்கே இடமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் படிக்கிற புலிவேட்டை மகாராஜா நம் கல்கியின் "புலி ராஜா"தான் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தமிழில் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். புலி கிடைக்காத கோபத்தில் நிலவரியை இரட்டிப்பாக்கச் சொல்வதும், இரண்டேகால் அணா மரப்புலிக்குக் கடைக்காரர் பயந்துபோய் 300 ரூபாய் சொல்வதும், சிரிப்பு வில்லனை எப்படிச் செய்வது என்பதற்கு நல்ல மாதிரி.

மேரி ஷெல்லியின் 1818 நாவலான பிராங்கன்ஸ்டைனை ஆர்வமுள்ள பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தையில், டெல்லி கேட் பக்கம் மகிளா ஹாட்டில், மலிவாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: முதல் பக்கங்களில் வால்டன் என்ற கப்பல்காரன் எழுதுகிற கடிதங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பள்ளிச் சுருக்கப் பதிப்பு. வால்டன் சொல்கிற கதைக்குள் ஓர் உயிரை உருவாக்கிய விக்டர், விக்டர் சொல்கிற கதைக்குள் அந்த உயிர் என்று மூன்று அடுக்காகப் போவதுதான் அந்த நாவலின் உயிர்நாடி, சுருக்கியவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். நேரமில்லாதவர்கள் கண் தெரியாத கிழவர் டி லேசியோடு அந்த உயிர் பேசுகிற அத்தியாயத்தை மட்டும் படிக்கலாம். முகம் தெரியாதவரை அவர் அன்பாகவே பேசுகிறார். கண் தெரிந்தவர்கள் உள்ளே வந்ததும் அடி விழுகிறது.

இனி விடை எழுதுவது. 120 சொல். முதல் இரண்டு வாக்கியத்தில் பெயரடை கூடாது, ஒரு செயலும் அது நடந்த இடமும் இருக்க வேண்டும். பாட்டிலிருந்து அரை அடி வீதம் இரண்டு மேற்கோள். முழுப் பாட்டையும் எழுதிப் பக்கம் நிரப்புவது அதிகம் நடக்கிற தந்திரம், அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். நம் கருத்துக்கு எதிராகப் போகிற சான்று ஒன்றாவது வர வேண்டும். பத்துக்கு மதிப்பிட்டால் சான்றுக்கு 4, பாத்திரம் திரும்பியிருக்கக்கூடிய இடத்தைக் காட்டியதற்கு 3, எதிர்ச்சான்றுக்கு 2, மொழிக்கு 1. ஒரு தொடக்கம் இப்படி இருக்கலாம்: "போருக்கு எழுப்பப்பட்ட கும்பகர்ணன் முதலில் சீதையின் துயர் தீர்ந்ததா என்று கேட்கிறான். தவறு அண்ணன் மேல் என்று அறிந்தும், 'உயிர் கொடாது அங்குப் போகேன்' என்று விபீடணனுக்கு மறுத்துச் சொல்கிறான்." இவ்வளவு எழுதிய பிள்ளைக்கு அடுத்த வாக்கியம் தானாக வரும்.

கும்பகர்ணன் முடிந்த அன்றைக்கே யாராவது கேட்பார்கள்: "அப்போ விபீஷணன் பண்ணது துரோகமா சார்?" அதற்கு ஒரு பீரியட் ஒதுக்கி வையுங்கள். பிடித்த கட்சியில் உட்கார விடாமல் சீட்டுக் குலுக்கி இரண்டு அணி பிரியுங்கள். இரண்டு அணிக்கும் அண்ணனும் தம்பியும் போர்க்களத்தில் சந்திக்கும் பாட்டுகள் மட்டுமே ஆயுதம், வெளியிலிருந்து யார் எது கொண்டு வந்தாலும் அவர்களுக்கு ஒரு முறை பேச்சு இல்லை. விபீடணன் பக்கம் வாதாடுகிறவர்கள் முதல் பத்து நிமிடம் திணறுவார்கள். அப்புறம் ஒருத்தி தாளைத் திருப்பி, நான் வரமாட்டேன், நீ ராமனிடமே சீக்கிரம் போய்ச் சேர் என்று தம்பியை அனுப்பி வைப்பதே கும்பகர்ணன்தான் என்று படித்துக் காட்டுவாள். அதற்கு எதிர் அணி என்ன சொல்கிறது என்பதை மணி அடிக்கும் வரை கேட்டுக்கொண்டு இருக்கலாம்.